மனோலோவின்ர அக்காவுக்கு மூண்டு ரின் சிரப்

அண்டைக்கு எனக்கிருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். மூண்டு ரின் மேப்பிள் சிரப்பையும் ஒரு சோடி கம்பளிச் செருப்பையும் ஸ்பெயினிலை வலென்சியா எண்ட ஊரிலை இருக்கிற ஒரு அக்காவிட்டைக் குடுக்க வேணும்.

அவ்வளவுதான். கதவைத் தட்டிறது, குடுக்கிறது, திரும்பி வாறது.

என்ர மனிசி தயா, வீட்டுக்கு ஆர் வந்தாலும் உந்தக் கதையைத்தான் எடுத்து விடுறவ. அவ சொல்லேக்கை நான் நடந்ததை விடக் கூட மோடனாய்த் தெரியுறன். அதாலை நானே எழுதிப்போடுறன்.

தொண்ணூறுகளின்ர நடுப்பகுதி. கனடாவிலை, மொன்றியலுக்குப் பக்கத்திலை ரொக்ஸ்பரோவிலை வீடு. மொன்றியல் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு வெயார்ஹவுஸிலை வேலை. விடிய ரெயின் எடுத்து, பேந்து மெத்ரோ எடுத்து, பேந்து பஸ் எடுத்துப் போய் இறங்கேக்கையே அரைநாள் வேலை செய்த களை வந்திடும்.

அங்கை என்னோட வேலை செய்தவன் மனோலோ. வலென்சியாக்காரன். ஐம்பத்தைஞ்சு வயசு, மொட்டைத் தலை, எப்பவோ முறிஞ்சு ஒரு பக்கம் வளைஞ்ச மூக்கு. என்ர முதல் குளிருக்கு நான் கன்வஸ் சப்பாத்துக்குள்ளை பேப்பர் அடைஞ்சு கொண்டு வேலைக்குப் போனனான். அதைக் கண்டிட்டு அடுத்த நாள் தன்ர பூட்ஸிலை ஒரு சோடியைக் கொண்டு வந்து, என்ர லொக்கருக்கு முன்னாலை வைச்சிட்டுப் போனவன். அதுக்குப் பிறகு அவன் என்ன கேட்டாலும் ஏலாது எண்டு சொல்ல எனக்கு வாய் வராது.

அந்த வருஷம் பாரிஸிலை தயாவின்ர தங்கச்சிக்குக் கலியாணம். எங்களுக்குக் கனடாப் பாஸ்போட் கிடைச்ச புதுசு. கலியாணம் முடிய நாலு நாள் மிச்சம் இருந்தது.

தயா ஒரே பிடியாய் நிண்டா. நாங்கள் ரெண்டு பேரும் போன நாடெல்லாம் ஒண்டில் அகதியாய்ப் போன நாடு, இல்லாட்டிக் கலியாணவீடு செத்தவீடு எண்டு போன நாடு. "ஒரு நாளாவது சும்மா பாக்க எண்டு ஒரு ஊருக்குப் போவம்" எண்டா. கலியாணம் முடிச்சு ஒன்பது வருஷத்திலை அவ வாய்விட்டுக் கேட்டது அது ஒண்டுதான்.

மனோலோவிட்டைச் சொன்னன். வலென்சியாவுக்குப் போ எண்டான். அங்கை அவன்ர அக்கா அம்பாரோ இருக்கிறா. புருஷன் செத்துத் தனிய இருக்கிறவ. பதினொரு வருஷமாய் அவன் அவவைக் காணேல்லை. வியாழக்கிழமை கனடாவிலை இருந்து என்ர கூட்டாளி வருவான் எண்டு தான் ரெலிபோனிலை சொல்லி வைக்கிறானாம். அக்கா சமைச்சுத் தருவா, ஊரையும் சுத்திக் காட்டுவா.

ஒரு காகிதத் துண்டிலை விலாசம் எழுதித் தந்தான். தெரு, இலக்கம், ரெண்டாம் மாடி, வலக்கைப் பக்கக் கதவு. சிரப், மனோலோவின்ர மனிசியின்ர ஆக்கள் கியூபெக் நாட்டுப்புறத்திலை தாங்களே காய்ச்சினது. பேர் ஒண்டும் ஒட்டாத வெறும் ரின். செருப்புப் பெரிய அளவு. அக்காவுக்குப் பெரிய காலாம்.

அக்காவுக்கு ஸ்பானிஷைத் தவிர வேற ஒரு பாஷையும் தெரியாது, சமாளிப்பியோ எண்டு கேட்டான்.

சமாளிப்பன் எண்டன். நான் ஆறு சனிக்கிழமை ஸ்பானிஷ் வகுப்புக்குப் போனனான். சிலி நாட்டு ரீச்சர் ஒராள் ஒரு தேவாலயத்தின்ர கீழ்த்தளத்திலை படிப்பிச்சவ. ஆறு கிழமையும் முடிய என்ர மண்டைக்குள்ளை மிஞ்சினது அஞ்சு சொல்லு. ஓம் எண்டதுக்கு 'சீ'. இல்லை எண்டதுக்கு 'நோ'. நன்றிக்கு 'கிராசியாஸ்'. நல்லாயிருக்கு எண்டதுக்கு 'முய் புவேனோ'. அஞ்சாவது 'பிசிக்லெத்தா'. சைக்கிள். அது ஏன் நிண்டது எண்டு எனக்கே தெரியாது.

தயாவிட்டை மட்டும் எனக்கு ஸ்பானிஷ் தண்ணிபட்ட பாடு எண்டு சொல்லி வைச்சிருந்தன்.

முதல் நாள் பார்சலோனாவிலை தங்கி, வியாழக்கிழமை விடிய வெளிக்கிட்டு, பத்தரை போலை வலென்சியாவிலை இறங்கினம். பின்னேரம் ஏழரைக்குத் திரும்பிற ரெயின். தெருவெல்லாம் ஆரஞ்சுத் தோடை மரம். காய்ச்சுத் தொங்குது, ஒருத்தரும் ஆயினமில்லை. தயா ஒண்டைத் தொட்டுப் பாத்திட்டு, இஞ்சத்தைச் சனம் சரியான நல்ல சனம் எண்டா.

கட்டிடத்தைக் கண்டுபிடிச்சன். இலக்கமும் சரி. முன்கதவு திறந்து கிடந்தது.

இனித்தான் விஷயம். மொன்றியலிலை தரையோட இருக்கிறது முதலாம் மாடி. ஒரு படிக்கட்டு ஏறினால் ரெண்டாம் மாடி. ஸ்பெயினிலை தரையை மாடிக் கணக்கிலையே சேக்கிறேல்லை. ரெண்டாம் மாடிக்கு ரெண்டு படிக்கட்டு ஏற வேணும். கொழும்பிலை நாங்களும் அப்பிடித்தான் எண்ணினனாங்கள். அதை மொன்றியல் எனக்கு மறக்கடிச்சுப் போட்டுது.

நான் ஒரு படிக்கட்டு ஏறி வலக்கைப் பக்கக் கதவைத் தட்டினன்.

ஒரு சின்ன உருவமாய் அறுபது அறுபத்தைஞ்சு வயசிலை ஒரு அம்மா கதவைத் திறந்தா. எங்கள் ரெண்டு பேரையும் மேலையும் கீழையும் பாத்தா. ரெண்டு கையும் நெஞ்சிலை போய் நிண்டுது.

இந்தியாவோ எண்டு கேட்டா. இலங்கை எண்டு விளங்கப்படுத்த என்னட்டை இருந்த அஞ்சு சொல்லும் காணாது. "சீ" எண்டன்.

பெட்டியைக் காட்டி "மனோலோ" எண்டன்.

"மனோலோ!" எண்டு அவ கத்தி, என்னைக் கட்டிப்பிடிச்சு, தயாவைக் கட்டிப்பிடிச்சு, கண்ணைத் துடைச்சு, உள்ளை இழுத்துக் கொண்டு போனா. தம்பியிலை எவ்வளவு பாசம் எண்டு எனக்கும் கண் கலங்கிப் போச்சு.

உள்ளை ஒரு வயசான மனிசன் கதிரையிலை இருந்து எழும்பி வந்தார். விசென்தே எண்டு பேர் சொன்னார். தயா என்ர காதுக்குள்ளை கேட்டா, அக்கா விதவை எண்டெல்லே சொன்னனீங்கள் எண்டு. பக்கத்து வீட்டுக்காரராய் இருக்கும் எண்டன். அவர் செருப்பில்லாமல் நிக்கிறார் எண்டா. நல்ல பழக்கமான பக்கத்து வீட்டுக்காரர் எண்டன்.

அந்த அம்மா என்னைப் பாத்து "தொக்தோர்?" எண்டு கேட்டா. டொக்ரர் எண்டு விளங்கிச்சுது. மனோலோவுக்குக் கொஞ்ச நாளாய் இடுப்பிலை நாரிப் பிடிப்பு. டொக்ரரிட்டைக் காட்டுறானோ எண்டு அக்கா கேக்கிறா எண்டு நினைச்சன். "சீ, சீ, தொக்தோர்" எண்டு என்ர நாரியைத் தொட்டுக் காட்டினன். ரெண்டு பேரும் மரியாதையாய்த் தலையாட்டிச்சினம்.

சுவரிலை ஒரு பெரிய படம். வெள்ளை உடுப்போட ஒரு பெடியன், சுருள் முடி. இளமையிலை மனோலோ இப்பிடி வடிவாய் இருந்திருக்கிறான் எண்டு தயாவுக்குக் காட்டினன்.

"இது உங்கட ஆளே? மூக்கு நேராய்க் கிடக்கு."

பேந்துதானே முறிஞ்சது எண்டன்.

பெட்டியைத் திறந்தா. செருப்பைப் போட்டா. காலுக்கு முன்னாலை அரை அடி செருப்பு மிச்சம் நிண்டுது. பதினொரு வருஷத்திலை சொந்த அக்காவின்ர கால் அளவைக் கூட மறந்திட்டானே எண்டு மனோலோவிலை எனக்குக் கொஞ்சம் கோவம் வந்தது. அவ அதைக் கழட்டேல்லை. சர்க் சர்க் எண்டு இழுத்து இழுத்து நடந்தா.

விசென்தே ஒரு ரின்னைத் திறந்து மணந்து பாத்தார். ஒரு கரண்டியிலை ஊத்தி, நெஞ்சைத் தொட்டு, ரெண்டு தரம் இருமிக் காட்டி, என்னைக் கேள்வியாய்ப் பாத்தார்.

"சீ" எண்டன்.

கண்ணை மூடிக் குடிச்சார்.

இந்த இடத்திலை தயாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேணும். அவ ஸ்பானிஷ் வகுப்புப் பக்கமே போகாதவ. ஆனால் அந்த அம்மா 'கொசினா' எண்ட உடனை தயா எழும்பிக் குசினிக்குள்ளை போனா. 'மேசா' எண்ட உடனை மேசையைத் துடைச்சா. 'பான்' எண்டால் பாண். 'சப்பாத்தோ' எண்டால் சப்பாத்து. போர்த்துக்கேயன் எங்களுக்கு விட்டுட்டுப் போன சொல்லெல்லாம் இவையின்ர சொல்லுக்குச் சொந்தம் போலை. அஞ்சு நிமிஷத்திலை ரெண்டு பேரும் குசினிக்குள்ளை நிண்டு கதைக்கினம். அந்த அம்மாவின்ர பேர் பிலார் எண்டு தயாதான் எனக்கு வந்து சொன்னா.

"அம்பாரோ எண்டெல்லே சொன்னனீங்கள்?"

இஞ்சை ஒவ்வொருத்தருக்கும் மூண்டு நாலு பேர் இருக்கும் எண்டு ரீச்சர் சொன்னவ எண்டன். ரீச்சர் அப்பிடி ஒண்டும் சொன்னதில்லை. ஆறு கிழமையிலை ஒரு பொய்யைச் சமாளிக்க மட்டும் வடிவாய்ப் படிச்சிருந்தன்.

பிலார் சமைக்க நிக்க, விசென்தே எங்களை ஊர் பாக்கக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். தெருவுக்கு இறங்கி நிமிந்து பாத்தால், மேல் மாடி பல்கனியிலை ஒரு பெரிய உருவமான அம்மா கதிரை போட்டிருந்து தெருவைப் பாத்துக்கொண்டிருந்தா. நான் கை காட்டினன். அவவும் கை காட்டினா. விசென்தே மட்டும் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நடந்தார்.

முதல் சந்தை. எங்கட சந்தை மாதிரி இல்லை. தேவாலயம் மாதிரிக் கூரை, வர்ணக் கண்ணாடி. அதுக்குக் கீழை பன்றிக் காலும் வெள்ளைப்பூடும் விலாங்கு மீனும். விசென்தே கடை கடையாய் நிண்டு என்னைக் காட்டி ஏதோ சொல்லுறார். 'தொக்தோர்' எண்ட சொல் மட்டும் காதிலை விழுகுது. மனோலோவின்ர நாரியைப் பற்றி இந்த ஊருக்கே கவலை எண்டு நினைச்சன்.

மீன் விக்கிற மனிசி ஒராள் கையுறையைக் கழட்டி மணிக்கட்டை என்னட்டை நீட்டினா. நான் பிடிச்சுக் கை குலுக்கினன். அவ கையை எடுக்கிறாவில்லை. திருப்பியும் குலுக்கினன்.

பேந்து ஒரு குளிர்பானக் கடை. வெள்ளையாய்ப் பால் மாதிரி ஒண்டு தந்தாங்கள். நல்ல இனிப்பு. இது எதிலை செய்யிறது எண்டு தயா சைகையிலை கேக்க, கடைக்காரர் ஒரு பிடி சின்னக் கிழங்கை அள்ளிக் காட்டினார். தயா ஒண்டை எடுத்து உருட்டிப் பாத்திட்டு, "இது கோரைக் கிழங்கெல்லோ?" எண்டா. மிளகாய்த் தோட்டத்திலை நாள் முழுக்கக் குனிஞ்சிருந்து பிடுங்கி எறிஞ்ச கோரை. அதை இவங்கள் வளத்து, அரைச்சு, கண்ணாடிக் கிளாஸிலை ஊத்தி விக்கிறாங்கள். தயா ரெண்டு கிளாஸ் குடிச்சா.

கடைக்காரர் என்னைப் பாத்து வாயை ஆவெண்டு திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினார். இனிப்புக் கூடக் குடிச்சால் பல்லுக்குக் கூடாது எண்டு எச்சரிக்கிறார் எண்டு விளங்கிக்கொண்டன். தலையாட்டி "கிராசியாஸ்" எண்டன். அவர் வாயை மூட மறந்து நிண்டார்.

பன்ரெண்டு மணிக்குப் பெரிய தேவாலய வாசல். சனம் கூடி நிக்குது. கறுப்பு அங்கி போட்ட எட்டு மனிசர் வட்டமாய்க் கதிரையிலை இருக்கினம். செத்தவீடாக்கும் எண்டு நான் முகத்தைத் துக்கமாய் வைச்சுக்கொண்டன். விசென்தே கையாலை வாய்க்கால் வெட்டிக் காட்டினார், தண்ணி திறந்து காட்டினார், ரெண்டு பேர் சண்டை பிடிக்கிற மாதிரிக் காட்டினார். தயாவுக்கு விளங்கீட்டுது. வயல் செய்யிற கமக்காரருக்குள்ளை தண்ணி முறை வழக்கு. ஒவ்வொரு வியாழனும் வாசலிலையே தீர்ப்பு. அண்டைக்கு வழக்கொண்டும் இல்லை. அஞ்சு நிமிஷத்திலை எழும்பிப் போட்டினம். எங்கட ஆக்கள் வழக்கெண்டால் வருஷக்கணக்காய்க் கோடு கச்சேரி எண்டு ஏறி இறங்கிறதை நினைச்சுத் தயா பெருமூச்சு விட்டா.

விசென்தே இன்னும் நிப்பாட்டேல்லை. மேலை கையைக் காட்டி, தண்ணி சொட்டுச் சொட்டாய்த் தன்ர தலையிலை விழுகிற மாதிரிக் காட்டி, பல்லைக் கடிச்சார். இந்த வருஷம் நல்ல மழை எண்டுறார் எண்டு தயாவுக்கு மொழிபெயர்த்தன்.

தேவாலயத்தோட ஒரு கோபுரம். இருநூறுக்கு மேலை படி. விசென்தே ஏறேல்லை. காற்சட்டையை உயத்தி முழங்காலைக் காட்டினார். மரியாதைக்குக் குனிஞ்சு பாத்தன். தொட்டுப் பார் எண்டு கையைப் பிடிச்சு வைச்சார். தொட்டன். "முய் புவேனோ" எண்டன். மனிசன்ர முகத்திலை வந்த சந்தோஷத்தைச் சொல்ல ஏலாது. பத்து வயசு குறைஞ்ச மாதிரிக் கோபுர வாசலிலை குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

மேலை ஏறினம். நீல ஓடு போட்ட கும்பங்கள், தட்டையான கூரைகள், தூரத்திலை கோடு மாதிரிக் கடல். தயா கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கொண்டு ஒரு சுத்துச் சுத்திப் பாத்தா. பேந்து, இது நல்லாயிருக்கு எண்டு மட்டும் சொன்னா. அவ அப்பிடிச் சொல்லி நான் முதல் கேட்டதில்லை. ஸ்பானிஷைப் பற்றிச் சொன்ன பொய்யை அந்த இடத்திலை ஒத்துக்கொள்ளுவம் எண்டு நினைச்சன். காத்துப் பலமாய் அடிச்சதாலை விட்டுட்டன்.

ரெண்டு மணிக்குச் சாப்பாடு. அகலத் தாச்சியிலை மஞ்சள் சோறு. கோழி, முயல், போஞ்சி, அதுக்குள்ளை ஓட்டோட நத்தை. பிலார் பெரிய நத்தையாய்ப் பாத்துப் பொறுக்கி என்ர சாப்பாட்டுக் கோப்பையிலை போட்டா. தயா கோழிப் பக்கமாய் மெல்லக் கரையேறீட்டா. நான் வாயிலை வைக்க முதலே "முய் புவேனோ" எண்டு சொல்லிப் போட்டன். ரெண்டாவது கோப்பை வந்தது. அடிப்பிடிச்ச சோறுதான் விருந்தாளிக்காம். அதைச் சுரண்டி மூண்டாவதாய் வைச்சினம். விசென்தே சாப்பிட்ட பிறகும் ஒரு கரண்டி சிரப் குடிச்சார்.

பேந்து பிலார் ஒரு அல்பத்தைக் கொண்டு வந்து தயாவின்ர மடியிலை வைச்சா.

தயா ரெண்டு பக்கம் புரட்டினா. நிப்பாட்டினா.

"இஞ்சேருங்கோ, உங்கட மனோலோ எப்ப மெட்ராஸுக்குப் போனவன்?"

எட்டிப் பாத்தன். சுவரிலை இருந்த அதே சுருள் முடிப் பெடியன். வெள்ளை அங்கி, கழுத்திலை சிலுவை. பாதிரியார். பக்கத்திலை சேலை கட்டின பெண்டுகள், தென்னை மரம், ஒரு ஓட்டோ. பின்னாலை மதிலிலை தமிழிலை ஏதோ எழுதியிருக்கு.

மூக்கு, செருப்பு, பேர், செருப்பில்லாத பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாய் வந்து மண்டையிலை விழுந்துது. ஸ்பெயினிலை எத்தினையோ ஆயிரம் மனோலோ இருப்பாங்கள். இவ தன்ர மகனைச் சொல்லுறா. மகன் இந்தியாவிலை இருந்து அனுப்புறன் எண்டு சொல்லி வைச்ச டொக்ரரும் மனிசியும் எண்டு எங்களை நினைச்சிருக்கினம்.

தயா மெதுவாய்க் கேட்டா, "அப்ப அந்த மனிசன் குடிச்சது?"

சிரப்.

"மருந்தெண்டெல்லோ குடிக்கிறார். ரெண்டு தரம் குடிச்சிட்டார். சீனி வருத்தம், சலரோகம் கிலரோகம் இருந்தால்?"

பாய்ஞ்சு போய் ரின்னை மூடி என்ர கதிரைக்குக் கீழை வைச்சன். இண்டைக்கு மருந்து இவ்வளவும் காணும் எண்டு விசென்தே விளங்கிக்கொண்டு தலையாட்டினார்.

பிலாருக்கு இதொண்டும் தெரியேல்லை. படத்திலை இருந்த மதில் எழுத்தைத் தொட்டு, என்னைப் பாத்து, வாசி எண்டு சைகை காட்டினா. மகனுக்குப் பின்னாலை என்ன எழுதியிருக்கு எண்டு வருஷக்கணக்காய் அவவுக்கு ஆசை. வாசிக்கக் கூடிய ஆக்கள் அண்டைக்குத்தான் வந்திருக்கினம். அவ சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு காத்துக்கொண்டிருந்தா.

வாசிச்சன். 'இங்கே சைக்கிள் நிறுத்தக் கூடாது.'

ஏதாவது சாமி வாசகம் எண்டு சொல்லுங்கோ எண்டு தயா கெஞ்சினா. சொல்லலாம். சாமிக்கு ஸ்பானிஷிலை என்ன சொல்லெண்டு தெரிய வேணுமே. என்னட்டை இருந்ததைத்தான் சொல்லலாம்.

"பிசிக்லெத்தா, நோ."

பிலார் என்னைப் பாத்தா. படத்தைப் பாத்தா. விசென்தேயைப் பாத்தா. ரெண்டு பேரும் கண்ணிலை தண்ணி வரும்வரைக்கும் சிரிச்சினம். அந்தச் சிரிப்பு ஓயேக்கை, மனோலோ எழுதித் தந்த துண்டை எடுத்து நான் பிலாரின்ர கையிலை வைச்சன். வேற வழி தெரியேல்லை.

அவ வாசிச்சா. முகம் மாறிச்சுது. விரலாலை மேல் மாடியைக் காட்டினா.

"அம்பாரோ?"

"சீ" எண்டன்.

விசென்தே தேவாலய வாசலிலை காட்டின தண்ணிச் சொட்டு அப்பத்தான் எனக்கு விளங்கினது. மேல் வீட்டுக் குளியலறை ஒழுகி இவையின்ர குசினிக் கூரை நனைஞ்சு, ஆறு வருஷமாய் ரெண்டு வீட்டுக்கும் கதை பேச்சில்லை எண்டது பேந்து தெரிஞ்சது. நான் கொண்டு வந்த சாமான் அம்பாரோவின்ர எதிரியின்ர காலிலை கிடக்குது.

வெறுங்கையோட மற்றப் படிக்கட்டும் ஏறினம். கதவைத் திறந்தது பல்கனியிலை இருந்த அந்தப் பெரிய அம்மா. துண்டைக் குடுத்தன். தம்பியின்ர எழுத்தைக் கண்டதும் துண்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சா. பேந்து என்ர தோளுக்கு மேலாலை எட்டிப் பாத்தா. எனக்குப் பின்னாலை கனடாக்காரன் வாறான் எண்டு நினைச்சிருக்கிறா. எனக்குப் பின்னாலை சுவர்தான் இருந்தது.

"கனதா?" எண்டு என்னைக் காட்டிக் கேட்டா.

"சீ."

விடியத்திலை இருந்து அவ தெருவைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறா. உயரமான வெள்ளைக்காரன் ஒருத்தன் வருவான் எண்டு. நான் கை காட்டினதும் அவவுக்குத்தான். உள்ளை மேசையிலை நல்ல விரிப்பு, ஆறு கோப்பை. நடுவிலை அகலத் தாச்சியிலை சோறு, ஒருத்தரும் தொடாமல் ஆறிக் காஞ்சு போய்க் கிடந்தது. அழைச்சிருந்த ஆக்கள் காத்திருந்து பாத்திட்டுப் போட்டினம். அதைக் கண்ட உடனை எனக்கு மேலை பாக்க முகமில்லை. பூட்ஸ் தந்தவனுக்கு நான் செய்த உபகாரம் இது.

அந்த நேரம் பாத்துப் படியிலை சர்க் சர்க் எண்டு சத்தம். பிலார் வாறா. காலிலை அந்தச் செருப்பு, கையிலை ரெண்டரை ரின். பின்னாலை விசென்தே.

அவை என்ன கதைச்சவை எண்டதெல்லாம் பேந்து மனோலோ சொல்லித் தெரிஞ்சதுதான். அப்ப எனக்கு விளங்கினது சத்தம் மட்டும். ஆறு வருஷத்துக் கதையும் அந்தப் படிக்கட்டிலை இறங்கிச்சுது. நானும் தயாவும் நடுப் படியிலை, பந்தடி பாக்கிற ஆக்கள் மாதிரி மேலையும் கீழையும் பாத்துக்கொண்டு நிண்டம்.

கடைசியிலை பிலார் செருப்பைக் கழட்டி நீட்டினா. அம்பாரோ வாங்கேல்லை. வெறுங்காலோட கல்லிலை நிக்கிற அந்தச் சின்னக் காலை ஒருக்காப் பாத்தா.

"போடு. நிலம் குளிர்."

அது சொல்லுத் தெரியாமலே எனக்கு விளங்கினது.

பிலார் திருப்பிப் போட்டா. அதுக்குப் பிறகு ரெண்டு பேருக்கும் ஒரு விஷயத்திலை ஒற்றுமை வந்தது. பிழை முழுக்க மனோலோவிலைதான். மொன்றியலிலை அப்ப மத்தியான நேரம். அம்பாரோ வெயார்ஹவுஸுக்கே ரெலிபோன் எடுத்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைக் கூப்பிடுவிச்சு, மூச்சு விடாமல் பேசினா. அவவுக்கு மூச்சு முட்டேக்கை பிலார் பறிச்சுப் பேசினா. பேந்து ரிசீவரை என்னட்டைத் தந்திச்சினம்.

மனோலோ பிரெஞ்சிலை கேட்டான்.

"ஒரு படிக்கட்டு. இன்னும் ஒரே ஒரு படிக்கட்டு ஏற ஏலாமல் போச்சோ உனக்கு?"

"சீ" எண்டு சொல்லி ரிசீவரைத் திருப்பி அம்பாரோவிட்டைக் குடுத்தன்.

அம்பாரோ சோத்தைச் சூடாக்கினா. எல்லாரும் இருக்க வேணும் எண்டா. பிலாரும் விசென்தேயும் ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த மேசையிலை இருந்தினம். நான் ஏற்கனவே மூண்டு கோப்பை சாப்பிட்டவன். அம்பாரோ என்ர முகத்தையே பாத்துக்கொண்டிருந்தா. இன்னும் ரெண்டு கோப்பை சாப்பிட்டன். கீழ் வீட்டுச் சோறோ மேல் வீட்டுச் சோறோ நல்லது எண்டு ரெண்டு பேரும் கேட்டினம். தயா மேசைக்குக் கீழை என்ர காலை மிதிச்சா. நான் வாயை நிரப்பி வைச்சுக்கொண்டன்.

ரெயினுக்கு விசென்தேயின்ர சின்னக் காரிலை போனம். எங்களை எதிரியோட தனிய விட ஏலாது எண்டு அம்பாரோவும் ஏறினா. அவவை விசென்தேயோட தனிய விட ஏலாது எண்டு பிலாரும் ஏறினா. தயா அவை ரெண்டு பேருக்கும் நடுவிலை. ஸ்ரேஷன்வரைக்கும் குளியலறைக் குழாயைப் பற்றித்தான் கதையாம்.

பார்சலோனா போய்ச் சேருமட்டும் தயா ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தா. கடைசியிலை ஒண்டு மட்டும் கேட்டா, உங்களுக்கு ஸ்பானிஷ் எத்தினை சொல்லுத் தெரியும் எண்டு. அஞ்சு எண்டன். தனக்கு அண்டைக்கு ஒரு நாளிலை பதினெட்டாம். விரல் விட்டு எண்ணிக் காட்டினா.

திங்கக்கிழமை வேலைக்குப் போனன். மனோலோ என்னைக் கண்டிட்டு பலகை அடுக்குகளுக்குப் பின்னாலை போயிட்டான். மூண்டாம் நாள் தானே வந்து பக்கத்திலை இருந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தான். அக்கா ரெலிபோன் எடுத்தவவாம். விசென்தே குழாய் திருத்த ஆள் பிடிச்சிட்டாராம். அக்காவும் பிலாரும் இப்ப விடியத்திலை இருந்து பின்னேரம்வரை படிக்கட்டிலை நிண்டு சண்டையாம். முந்தி வாரத்துக்கு ஒருக்காத் தனிமை எண்டு அழுது ரெலிபோன் எடுக்கிறவ, இப்ப எடுத்தால் கதைக்க நேரமில்லை எண்டு வைச்சிடுறாவாம்.

விசென்தேக்குச் சலரோகம் இல்லையாம். அதை நான்தான் கேட்டன். முழங்கால் நோவும் குறைஞ்சிட்டுதாம். சிரப் இன்னும் ரெண்டு ரின் அனுப்பச் சொன்னவராம்.

நான் அதிலை இருந்து ஒரு பாடம் படிச்சிட்டன். இப்ப எந்த ஊரிலை எந்தக் கதவைத் தட்டினாலும், திறந்த உடனை நான் ஆர், எங்கை இருந்து வாறன், ஆரைத் தேடி வந்தனான் எண்டு ஒண்டும் விடாமல் தெளிவாய்ச் சொல்லிப்போடுறன்.

இண்டைவரைக்கும் ஒருத்தரும் உள்ளுக்கு வாங்கோ எண்டு சொல்லேல்லை.